மருந்துக்கு எட்டாத மூலிகம்: கொழும்பு வைத்தியசாலை ஒன்றின் கழிவுநீரில் ஓர் ஒளியூக்கிப் பரிசோதனை

கொழும்பின் தென்பகுதியில், காலி வீதிக்குச் சற்று உள்ளே அமைந்துள்ள ஒரு தனியார் வைத்தியசாலையின் நிர்வாகம், தன் கழிவுநீரில் எஞ்சும் மருந்துகளை அழிப்பதற்கென விற்பனைக்கு வந்த ஒளியூக்கி (ஒளி பட்டால் இரசாயனத் தாக்கத்தைத் தூண்டும் பொருள்) கொண்ட அலகொன்றை வாங்கலாமா என்று எங்களிடம் கருத்துக் கேட்டது. கேள்வி ஒரு வரிதான். விடை சொல்வதற்கு ஒரு தென்மேற்குப் பருவக்காலம் முழுவதும் தேவைப்பட்டது. அந்த விடைக்கு நாங்கள் வந்துசேர்ந்த வழியை, இடையில் செய்த பிழை ஒன்றையும் சேர்த்து, இந்த நிகழ்வு ஆய்வு பதிவுசெய்கிறது. வைத்தியசாலையின் பெயரும் விற்பனையாளரின் பெயரும் இங்கு தேவையற்றவை.

விற்பனையாளர் கொண்டுவந்த செயல்விளக்கம் பார்வைக்கு அழகானது. மெதிலீன் நீலம் கரைத்த இரண்டு கண்ணாடிச் சாடிகள் மொட்டை மாடியின் உச்சி வெயிலில் வைக்கப்பட்டன. ஒன்றில் தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்னும் வெண்தூள் சேர்க்கப்பட்டிருந்தது. மற்றதில் அது இல்லை. தேநீர் முடிந்து குழுவினர் திரும்பியபோது தூள் இட்ட சாடியின் நீலம் மறைந்திருந்தது. நிர்வாகக் குழு அந்த இடத்திலேயே பாதி முடிவை எடுத்துவிட்டது என்று சொல்லலாம்.

ஆனால் சாயம் மருந்தன்று. மெதிலீன் நீலம் கட்புலனாகும் ஒளியைத் தானே உறிஞ்சி, அருட்டப்பட்ட நிலையில் தன் இலத்திரனை ஊக்கியின் மேற்பரப்புக்குக் கொடுத்துச் சிதையக்கூடியது. மேலும் அது தாழ்த்தப்பட்டால், மூலக்கூறு உடையாமலே நிறமற்ற வடிவத்துக்கு மாறிவிடும். நிறம் போனது என்பதற்கும் மூலக்கூறு அழிந்தது என்பதற்கும் இடையே இவ்வளவு வழிகள் இருக்கும்போது, பெரும்பாலும் நிறமற்றவையான மருந்துகளைப் பற்றி அந்தச் சாடி எதையும் நிறுவவில்லை.

நீர் போகும் வழி

முதலில் இந்த நீர் எங்கே போகிறது என்பதைப் பார்க்கவேண்டும். கொழும்பு நகரின் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி பிரித்தானியர் காலத்தில் அமைக்கப்பட்டு ஒரு நூற்றாண்டைக் கடந்துவிட்டது; அதில் சேரும் நீர் வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் உள்ள வெளியேற்றுக் குழாய்களால் கடலுக்குள் கொண்டுசெல்லப்படுகிறது. எமது வைத்தியசாலை தன் வளவுக்குள் ஒரு சிறிய சுத்திகரிப்பு நிலையத்தை வைத்திருக்கிறது: சல்லடை, சமப்படுத்தும் தொட்டி, காற்றூட்டல் தொட்டி, படிவுத் தொட்டி, இறுதியில் குளோரீன். அதன் பின்னரே நீர் நகரக் குழாயில் சேர்கிறது.

இங்கே ஒன்றை நேராகச் சொல்லவேண்டும். கொழும்பின் குடிநீருக்காகக் களனி கங்கையிலிருந்து நீர் எடுக்கப்படும் அம்பத்தலை, நகருக்கு மேலே ஆற்றின் மேற்புறத்தில் இருக்கிறது. ஆகவே தெற்குக் கொழும்பின் வைத்தியசாலைக் கழிவு நம் குழாய்நீரில் திரும்பி வருகிறது என்று விற்பனையாளரின் சிற்றேடு உணர்த்தியது பொருந்தாது. குடிநீரைப் பொறுத்தவரை அஞ்சவேண்டியது அம்பத்தலைக்கு மேற்புறத்தில் ஆற்றில் சேர்பவற்றையே. எமது நீர் சேருமிடம் கரையோரக் கடல்; மழை பெருகிக் குழாய்கள் வழியும் நாட்களில் அருகிலுள்ள கால்வாய்களும்தான்.

சட்டம் இதைக் கட்டாயப்படுத்துகிறதா என்றால், இல்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008இல் வர்த்தமானியில் வெளியான வெளியேற்ற நியமங்கள், உள்நாட்டு நீர்நிலைகளுக்குச் செல்லும் கழிவுநீருக்கு உயிரிரசாயன ஒட்சிசன் தேவை (மாசை நுண்ணங்கிகள் சிதைக்கத் தேவையான ஒட்சிசன்) இலீற்றருக்கு 30 மில்லிகிராம், இரசாயன ஒட்சிசன் தேவை (மாசை இரசாயனத்தால் ஒட்சியேற்றத் தேவையானது) 250 மில்லிகிராம் என்று எல்லை இடுகின்றன; மருந்து எதற்கும் எல்லை இல்லை. சுவிற்சர்லாந்து 2016 முதல் தெரிவுசெய்யப்பட்ட நிலையங்களில் நுண்மாசுகளை 80 சதவீதம் அகற்றவேண்டும் என்று விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்திய நகரக் கழிவுநீர்ப் பணிப்புரை, அந்த மேலதிகச் சுத்திகரிப்பின் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதன உற்பத்தியாளர்கள் ஏற்கவேண்டும் என்கிறது. இந்த இரண்டு இடங்களிலும் நடைமுறைக்கு வந்தவை ஓசோனும் உயிர்ப்பூட்டிய காபனுமே, ஒளியூக்கி அல்ல. எமது ஐயத்துக்கு முதற் காரணம் அதுதான்.

பிரச்சினை உண்மையானதே. இலங்கையின் நீர்நிலைகளில் 72 மருந்துகளையும் தனிநபர் பராமரிப்புப் பொருள்களையும் தேடிய நாடு தழுவிய ஆய்வு 2019இல் வெளியானது. 2022இல் 104 நாடுகளின் 258 ஆறுகளை அளந்த உலகளாவிய ஆய்வில், பாதிக்கும் மேற்பட்ட இடங்களில் கண்டறியப்பட்டவற்றுள் வலிப்பு நோய்க்குக் கொடுக்கப்படும் காபமசெப்பீனும் நீரிழிவுக்கான மெற்ஃபோமினும் அடங்கும். பரசிற்றமோல், இபுபுரோஃபென் ஆகியவற்றை நன்கு இயங்கும் காற்றூட்டல் தொட்டியின் நுண்ணங்கிகள் உண்டுவிடுகின்றன. டைகுளோஃபெனக் ஓரளவே குறைகிறது. காபமசெப்பீனோ வந்த அளவிலேயே, ஏறக்குறைய முழுமையாக, மறுபக்கம் போய்ச்சேர்கிறது. கதிர்ப்படத்தில் உறுப்புகள் தெளிவாகத் தெரிவதற்காக ஏற்றப்படும் அயடீன் கலந்த மாறுபடு மருந்துகளும் அப்படியே. உடலில் மாற்றமடையாமல் சிறுநீரோடு வெளியேறவேண்டும் என்பதற்காகவே வடிவமைக்கப்பட்டவை தொட்டிக்குள் மட்டும் ஏன் மாற்றமடையப்போகின்றன?

மூலிகங்களின் பங்கீடு

தைத்தேனியம் ஈரொட்சைட்டின் அனற்றேசு வடிவத்துக்கு 3.2 இலத்திரன் வோற்று சக்தி இடைவெளி உண்டு. 387 நனோமீற்றருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளி அதன்மீது படும்போது ஓர் இலத்திரன் மேலே எழும். அதன் இடத்தில் ஒரு துளை எஞ்சும். துளை நீரிலிருந்தும் மேற்பரப்பு ஐதரொட்சைட்டிலிருந்தும் ஐதரொட்சில் சுயாதீன மூலிகத்தை, அதாவது சோடியற்ற இலத்திரனோடு எதையும் உடனே தாக்கும் ஒரு துணுக்கை, உருவாக்குகிறது. இலத்திரன் ஒட்சிசனிடம் செல்கிறது. ஃபுஜிஷிமாவும் ஹொண்டாவும் 1972இல் இப்பொருளைக் கொண்டு ஒளியால் நீரைப் பிரித்துக் காட்டிய நாளிலிருந்து இதன் அடிப்படை தெரிந்ததே. ஐதரொட்சில் மூலிகம் நீர்ச் சுத்திகரிப்பில் பயன்படும் ஒட்சியேற்றிகளுள் மிகவும் வலியது. எந்த மருந்தையும் தாக்கும். எதையும் தாக்கும் என்பதே அதன் குறையும் ஆகும்.

இதைக் கணக்கில் காட்டினால்தான் நிர்வாகத்துக்கு விளங்கியது. உயிரியல் சுத்திகரிப்பின் பின்னரும் எஞ்சும் கரைந்த சேதனக் காபன் இலீற்றருக்கு 10 மில்லிகிராம் என்றும், இருகாபனேற்று 2 மில்லிமூல் என்றும், காபமசெப்பீன் 1 மைக்கிரோகிராம் என்றும் வைத்துக்கொள்வோம். மூலிகத்தோடு ஒவ்வொன்றும் தாக்கமடையும் வேக மாறிலியை அதன் செறிவால் பெருக்கினால், ஒவ்வொன்றும் மூலிகத்தைப் பறிக்கும் வேகம் கிடைக்கும். சேதனக் காபனுக்கு அது செக்கனுக்கு ஏறத்தாழ 2,50,000, இருகாபனேற்றுக்கு 17,000, காபமசெப்பீனுக்கு 37. அதாவது உருவாகும் ஏழாயிரம் மூலிகங்களில் ஒன்றுதான் மருந்தைத் தொடுகிறது. மற்றவை எல்லாம் வைத்தியசாலைச் சமையலறை, சலவை, கழிப்பறை ஆகியவற்றின் எச்சத்தை எரிப்பதில் செலவாகின்றன. கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டவர் பின்வரிசையில் நிற்க, கூப்பிடாதவர்கள் பந்தியை முடித்துவிடுவது போன்ற நிலை இது.

இப்போது விற்பனையாளரின் சிற்றேட்டில் உள்ள 99 சதவீதத்தைப் பாருங்கள். அது காய்ச்சி வடித்த நீரில் இலீற்றருக்கு 10 மில்லிகிராம் மருந்து கரைத்துப் பெற்ற எண். அங்கே மருந்தின் செறிவு எமது நீரில் இருப்பதைப்போல் பத்தாயிரம் மடங்கு. போட்டிக்கு எவரும் இல்லை. ஆய்வுகூடங்கள் இவ்வாறு செய்வதில் வஞ்சகம் எதுவும் இல்லை. சாதாரண திரவ நிறப்பகுப்பியின் புறஊதா உணரிக்கு மில்லிகிராம் அளவே எளிதில் தெரியும். மைக்கிரோகிராம் அளவைக் காண மாதிரியைச் செறிவாக்கித் திணிவு நிறமாலைமானியோடு இணைந்த கருவியில் கொடுக்கவேண்டும், அது செலவானது. ஆனால் கருவியின் வசதிக்காகத் தெரிந்தெடுத்த செறிவு, வாங்குபவரின் கைக்கு வரும்போது செயற்றிறன் என்ற பெயரைப் பெற்றுவிடுகிறது.

மொட்டை மாடியில்

பரிசோதனைக்கு வந்த அலகு, ஊக்கி பூசிய சாய்வான கண்ணாடித் தட்டுகள் கொண்ட ஓர் ஆழமற்ற தொட்டி. நீர் மெல்லிய படலமாக அதன்மேல் ஓடும். ஊக்கத்தைக் கூட்டுவதற்காக ஐதரசன் பேரொட்சைட்டைச் சொட்டும் ஒரு சிறிய பம்பியும் உண்டு. தூளைத் தொங்கலாகக் கலப்பதைவிட இது மெதுவானது. எனினும், இருபது நனோமீற்றர் அளவுள்ள துணிக்கைகளை நுண்வடிகட்டி இல்லாமல் மீளப் பிடிக்க முடியாது என்பதாலும், பிடிக்காவிட்டால் அவை நேரே வெள்ளவத்தைக் கடலுக்குப் போகும் என்பதாலும், பூச்சு முறையையே நாங்களும் விரும்பினோம்.

நான்கு ஓட்டங்களை அருகருகே நடத்தினோம்: ஊக்கியும் இருளும், ஒளி மட்டும், ஒளியும் பேரொட்சைட்டும், எல்லாம் சேர்ந்தது. முதலாவது புறத்துறிஞ்சலை, அதாவது மருந்து சிதையாமல் தட்டில் ஒட்டிக்கொள்வதை, பிரித்துக் காட்டும். இரண்டாவது வெயில் தானாகவே செய்வதைப் பிரித்துக் காட்டும். இந்த இரண்டாவது ஓட்டத்தை விட்டுவிட்டால் டைகுளோஃபெனக் ஏமாற்றிவிடும், ஏனெனில் அது ஊக்கி எதுவும் இல்லாமலே சூரிய ஒளியில் விரைவாகச் சிதைவது. எங்கள் தொட்டியிலும் அப்படியே நடந்தது. சிப்ரோஃபுளொக்சசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியும் ஒளிக்கு இளகியது. அதன் எஞ்சிய வீரியத்தைக் காண, மருந்து சேர்த்த மாதிரிகளின் துளிகளை நுண்ணங்கி வளர்த்த ஏகர்த் தட்டில் இட்டு, வளர்ச்சி தடைப்பட்ட வட்டத்தை அளக்கும் பழைய முறையே போதுமாக இருந்தது. ஒளி மட்டும் பட்ட மாதிரியின் வட்டமும் சுருங்கியிருந்தது. ஆகவே ஊக்கியின் உண்மையான வேலையைக் காட்டக்கூடிய சுட்டிப்பொருள் காபமசெப்பீன் ஒன்றுதான்: அதை வெயில் எளிதில் தொடாது, நுண்ணங்கி உண்ணாது. காய்ச்சி வடித்த நீரில் அது தட்டுகளின்மேல் நன்றாகவே குறைந்தது. வைத்தியசாலையின் சுத்திகரித்த நீரில், அதே தட்டுகளில், அதே வெயிலில், குறைவு அளவீட்டுப் பிழையிலிருந்து பிரித்தறிய முடியாத அளவிலேயே இருந்தது.

சேதனப் பொருள்களின் போட்டி மட்டும் இதற்குக் காரணமன்று. சலவைத் தூளிலிருந்து வரும் பொசுபேற்று தைத்தேனியம் ஈரொட்சைட்டின் மேற்பரப்பில் இறுக ஒட்டிக்கொள்கிறது. மருந்து அமரவேண்டிய இருக்கையில் உப்பு அமர்ந்துவிடுகிறது. அத்தோடு ஜூன் மாத மேகமூட்டத்தின்கீழ் தட்டுகளில் பச்சைப் பாசி படரத் தொடங்கியது. போசணை நிறைந்த நீரும் கொழும்பின் வெப்பமும் இருக்கும் இடத்தில் பாசி வராமலிருந்தால்தான் வியப்பு.

எங்கள் பிழை பேரொட்சைட்டில் நிகழ்ந்தது. மூன்றாம் வாரத்தில் சுத்திகரிப்பு நிலையத்தை இயக்கும் ஊழியர் தன் பதிவேட்டைக் கொண்டுவந்து, "சேர், இந்தத் தொட்டியால போன தண்ணிக்கு சீஓடி குறையேல்ல, கூடித்தான் இருக்கு," என்றார். சீஓடி என்பது இரசாயன ஒட்சிசன் தேவை. முதலில் அவருடைய அளவீட்டையே சந்தேகித்தோம். அது எங்களுக்குப் பெருமை தரும் விடயமன்று. உண்மையில், வினைபுரியாமல் எஞ்சிய ஐதரசன் பேரொட்சைட்டு, இரசாயன ஒட்சிசன் தேவையை அளக்கும் இருகுரோமேற்றைத் தானே தாழ்த்திவிடும். ஒரு மில்லிகிராம் பேரொட்சைட்டு 0.47 மில்லிகிராம் தேவையாகப் பதிவாகும். இலீற்றருக்கு 100 மில்லிகிராம் எஞ்சினால், நீரில் இல்லாத ஒரு மாசு அளவீட்டில் 47 மில்லிகிராமாக ஏறிவிடும். அதைவிட ஆபத்தானது அடுத்த தொட்டியில் நடந்தது: எஞ்சிய பேரொட்சைட்டு, கிருமி நீக்கத்துக்கு இட்ட குளோரீனையும் குளோரைட்டாக மாற்றிவிடும். மருந்தை அழிக்க வந்த அலகு கிருமிகளைக் காப்பாற்றிக் கொண்டிருந்தது. எஞ்சிய பேரொட்சைட்டைச் சிதைக்கும் கற்றலேசு நொதியத்தை மாதிரிகளில் இட்ட பிறகே அளவீடுகள் சீரடைந்தன. சொட்டும் அளவையும் குறைத்தோம்.

இன்னொரு கேள்வியை நாங்கள் விடாமல் கேட்டோம்: தாய் மூலக்கூறு மறைந்தால் எது பிறக்கிறது? காபமசெப்பீனின் ஒட்சியேற்றத்தில் அக்கிரிடீன் தோன்றக்கூடும். அது தாயைவிட நச்சானது. பரசிற்றமோலிலிருந்து பென்சோகுயினோன் தோன்றலாம். எனவே ஒரு மருந்தின் செறிவு குறைந்தது என்ற வரைபை மட்டும் காட்டும் அறிக்கையை ஏற்கக்கூடாது. சேதனக் காபனின் மொத்த அளவையும், நீர்த் தெள்ளுப்பூச்சி போன்ற ஓர் உயிரிமீதான நச்சுத்தன்மைச் சோதனையையும் அதோடு கேட்கவேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதிக்கொடுத்தோம்.

மாற்று வழிகள்

மேகமூட்டத்துக்கு விற்பனையாளர் தந்த தீர்வு மின் விளக்கு. அது கணக்குக்கு ஒத்துவரவில்லை. ஒரு கனமீற்றர் நீரில் ஒரு மாசை 90 சதவீதம் குறைக்கத் தேவைப்படும் மின்சாரத்தைக் கொண்டு முறைகளை ஒப்பிட்டு 2018இல் வெளியான மீளாய்வு ஒன்றின்படி, ஓசோனும், ஊக்கியே இல்லாத புறஊதா–பேரொட்சைட்டு இணையும் பெரும்பாலும் ஒரு கிலோவாற்று மணித்தியாலத்துக்குக் கீழே நிற்கின்றன. விளக்கால் இயங்கும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு முறைகள் நூறைத் தாண்டுகின்றன. சூரியன் இலவசம் என்பது மட்டுமே இந்த ஊக்கியின் பொருளாதாரம். சூரிய ஒளியிலோ அதற்குப் பயன்படும் புறஊதாப் பகுதி ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு.

இரும்பைக் கொண்ட ஃபென்ரன் முறையையும் எண்ணிப் பார்த்தோம். 1894இல் ஃபென்ரன் விவரித்த இரும்பு–பேரொட்சைட்டுத் தாக்கம் மலிவானது, விரைவானது. ஆனால் காரகாடித்தன்மை (pH) 3ஐ அண்மித்து இருக்கும்போதே நன்கு இயங்கும். வைத்தியசாலை நீரை அமிலமாக்கி, மீண்டும் காரமிட்டு நடுநிலையாக்கி, வரும் இரும்புச் சேற்றை அகற்றுவது என்றால் ஒரு சிறிய நிலையத்தின் ஊழியர் இருவருக்கு அது நாள்முழுதுமான வேலை. மேலும் கடலோர நிலத்தடிநீர் ஊறும் பழைய குழாய்களில் குளோரைட்டு கூடியிருக்கும். நடுநிலை நீரில் அவ்வளவு தொல்லை தராத குளோரைட்டு, அமில நிலையில் மூலிகங்களை விழுங்கிவிடும்.

புல்மோட்டை மணலில் இல்மனைற்று கிடக்கிறது, அதில் தைத்தேனியமும் இரும்பும் இரண்டுமே உண்டு, உள்நாட்டிலேயே ஊக்கி செய்யலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். ஆராய்ச்சிக்கு நல்ல கேள்வி அது. மூலப்பொருளாகவே கப்பலேறும் ஒரு கனியத்துக்கு அத்தகைய சிந்தனை தேவையும்கூட. ஆயினும் எங்கள் முன் இருந்த தடை ஊக்கியின் விலையன்று, நீரின் தன்மை. புல்மோட்டையிலிருந்து வந்தாலும் ஜேர்மனியிலிருந்து வந்தாலும் ஏழாயிரத்தில் ஒன்று என்ற பங்கு மாறப்போவதில்லை.

அந்தப் பங்கை மாற்றும் வழி காற்றூட்டல் தொட்டியில் கிடைத்தது. 2022இன் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் மின்பிறப்பாக்கியின் எரிபொருளைச் சேமிக்க தொட்டிக்குக் காற்றை ஊட்டும் ஊதியை இரவில் நிறுத்தும் வழக்கம் அங்கு தொடங்கியது. மின்சாரம் சீரான பின்னரும் அந்த வழக்கம் அப்படியே நின்றுவிட்டது. இரவில் ஒட்சிசன் இன்றி நுண்ணங்கிகள் சோர்வதால், எளிதில் உண்ணப்படவேண்டிய பரசிற்றமோல்கூடக் காலையில் மறுபக்கம் வந்துகொண்டிருந்தது. ஊதியை இரவிலும் இயக்கி, நுண்ணங்கிகள் நிறைந்த சேற்றை அடிக்கடி வெளியேற்றாமல் அதன் வயதை நீட்டியபோது, வெளியேறும் நீர் கண்ணுக்கே தெளிந்தது. சேதனக் காபனும் குறைந்தது. இதற்கு ஆன செலவு மின் கட்டணத்தின் ஒரு சிறு கூடுதல்.

அதற்குப் பின் என்ன வைப்பது என்பதில் எங்கள் பரிந்துரை தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்த உயிர்ப்பூட்டிய காபன் நிரப்பிய நிரல், அதாவது நீர் ஊடுசெல்லும் ஒரு கலம். உலகச் சந்தைக்கு இலங்கை அனுப்பும் பொருள் அது. வாங்க வெளிநாட்டுக்கு எழுதவேண்டியதில்லை. அதன் நுண்துளைகள் காபமசெப்பீன், டைகுளோஃபெனக் அளவிலான சிறு மூலக்கூறுகளுக்குப் பொருந்துகின்றன. அதிலும் சேதனப் பொருள்கள் துளைகளை அடைக்கும் என்பதால், போட்டி இங்கும் இல்லாமல் போகவில்லை. ஆனால் இங்கே தோற்ற பங்குக்கு மின்சாரமோ பேரொட்சைட்டோ வீணாவதில்லை. மாறுபடு மருந்துகளைக் காபன் சரிவரப் பிடிக்காது. அவற்றுக்கு, கதிர்ப்படம் எடுத்த நோயாளரிடம் ஒருமுறை பயன்படுத்தும் சிறுநீர்ப் பைகளைக் கொடுத்து, நீரில் சேருமுன்பே தனியாகச் சேகரிப்பதுதான் வழி. தாதியர் பிரிவு இதைக் கூடுதல் வேலை என்று முதலில் மறுத்தது. பைகளைச் சேகரிக்கும் பொறுப்பைத் துப்புரவுப் பிரிவுக்கு மாற்றியதும் இணங்கியது.

ஒளியூக்கியை நாங்கள் முற்றாக ஒதுக்கவில்லை. மருந்தின் செறிவு கூடியும் ஏனைய சேதனப் பொருள் குறைந்தும் இருக்கும் சிறிய ஓட்டங்களில் பங்கீடு தலைகீழாக மாறுகிறது: மருந்து உற்பத்திச் சாலையில் கலன்களைக் கழுவும் முதல் நீர், புற்றுநோய் மருந்துகளைக் கலக்கும் அறையின் கழுவுநீர் போன்றவை அத்தகையவை. அங்கே நாளுக்குச் சில பத்து இலீற்றர்களே வரும். வெயில் வரும்வரை சேமித்துவைக்கவும் முடியும். வைத்தியசாலையின் கலப்பறைக் கழுவுநீருக்கு மட்டும், பேரொட்சைட்டுப் பம்பியைக் கழற்றிவிட்டு, அதே தட்டுகளைத் தொடர்ந்து பயன்படுத்த உடன்பாடாயிற்று. பெரிய அலகுக்கான கேள்விப்பத்திரம் மீளப்பெறப்பட்டது.

காபன் நிரலுக்கான ஒப்பந்தம் கைச்சாத்திடப்படவில்லை. நிரம்பிய காபனை யார் எடுத்துச்செல்வது என்ற வாசகத்தில் அது நிற்கிறது: மருந்தைப் பிடித்து வைத்திருக்கும் கரியைக் குப்பை மேட்டில் கொட்டினால் மழை அதைக் கழுவிவிடும், உயர் வெப்பத்தில் மீள்உயிர்ப்பூட்டினால்தான் மருந்து உண்மையில் அழியும். வழங்குநர் அதைத் திருப்பி எடுத்து அவ்வாறு சூடாக்கவேண்டும் என்று நாங்கள் எழுதிய வாசகத்தை அவர் அடித்துவிட்டு அனுப்பினார். நாங்கள் மீண்டும் எழுதி அனுப்பியிருக்கிறோம்.